தவணையை நீட்டியோர் நடுவே ஆசனத்தை நீத்தவர்

காங்கேசன்துறைத் தொகுதி மக்களை நடுவழியிற் கைவிட்டுத் தமது ஆசனத்தைத் துறந்தார் திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் என்னும் குற்றச்சாட்டு, அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் ஓய்ந்தபாடில்லை. 1972ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவர் செய்த இராஜினாமாவை அவசரச் செயல் என்பர் சிலர். ஐந்தாண்டுக்கென்று வாக்குப் பெற்றவர் இரண்டரை ஆண்டு முடியுமுன் எழுந்து போகலாமோ என்று வினவுவர் வேறு சிலர். பின்னாளில் இத்தீவில் ஓடிய குருதிக்கே அந்த இராஜினாமாதான் பிள்ளையார் சுழி என்று கூசாது சொல்வாரும் உளர். இவ்வாறு பேசுவோர் அனைவரும் மாற்றாரல்லர். நம்மிடையே கற்றோரும், நீதிமன்றங்களில் வாதிடுவோரும், உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியோருங்கூட இதைச் சொல்லக் கேட்கிறோம். ஆதலால் வாளாவிருத்தல் தகாது.

ஒருவர் பதவியை விட்டு முன்கூட்டியே விலகினார் என்றால், அதே வேளையில் அவர் அருகே அமர்ந்திருந்தோர் எதைப் பற்றிக்கொண்டனர் என்பதையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டைப் பற்றித் தீர்ப்புக் கூறுவோர் பலர் இந்த இரண்டாவது காட்சியை மறந்துவிடுகின்றனர், அல்லது மறைத்துவிடுகின்றனர்.

அக்காட்சி யாது? 1970 மே 27ஆந் திகதி நடந்த பொதுத் தேர்தலில் ஐந்தாண்டுக் காலத்துக்கென மக்கள் தம் பிரதிநிதிகளைத் தெரிந்தனுப்பினர். ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் ஐக்கிய முன்னணி மூன்றிலிரண்டுக்கு மேற்பட்ட பலத்தோடு ஆட்சியேறியது. 1972 மே 22ஆந் திகதி புதிய குடியரசு யாப்பு நிறைவேற்றப்பட்டது. அந்த யாப்பின் 42ஆம் பிரிவிலே சத்தமின்றி ஓர் உபபிரிவு புகுத்தப்பட்டிருந்தது. முதலாவது தேசிய அரசுப் பேரவையின் ஆயுட்காலம் யாப்பு நிறைவேறிய நாளிலிருந்து ஐந்தாண்டு என்று அது விதித்தது. அப்பேரவையின் உறுப்பினர் யார்? 1970இல் தெரிவான அதே கனவான்கள்தாம்! 1975இல் மக்கள் முன்னிலையில் வந்து கணக்கொப்புவிக்க வேண்டியவர்கள், 1977 வரை இருப்பதற்குத் தமக்குத் தாமே உத்தரவு எழுதிக்கொண்டனர். ஐந்தாண்டுக் குத்தகைக்குக் காணி எடுத்தவன், இரண்டாம் ஆண்டில் காணிக்காரனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், குத்தகை உறுதியிலே ஏழாண்டு என்று தானே திருத்தி எழுதினால் எந்த நொத்தாரிசு அதை ஒப்புவார்? எந்தக் கமக்காரன் அதைப் பொறுப்பான்?

அந்த உபபிரிவின் பயன் காங்கேசன்துறை உறுப்பினருக்கும் உரியதாகவே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1977 மே வரை, நான்கரை ஆண்டுக்கு மேலாக, ஒரு வாக்காளரையும் கேளாது, ஒரு மேடையும் ஏறாது, அவர் அந்த ஆசனத்தில் அமர்ந்திருக்கலாம். அப்போது அவருக்கு வயது 74. நடுக்கவாத நோயினால் உடல் தளர்ந்திருந்தது; செவிப்புலனும் குன்றியிருந்தது. ஓய்ந்திருக்க நியாயம் தேடுவோர்க்கு அதிலும் மேலான நியாயம் வேண்டுமோ? அவரோ நீட்டிக் கொடுத்த காலத்தையும் வேண்டாது, முன்னரே பெற்றிருந்த காலத்தின் எச்சத்தையும் வேண்டாது, இரண்டையும் வாக்காளரிடமே திருப்பிக் கொடுத்து, "இந்த யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்கின்றனரா இல்லையா என்பதை என் தொகுதியிலேயே கேட்டுப் பார்ப்போம், ஆளை நிறுத்துங்கள்" என்னும் கருத்துப்பட அரசாங்கத்தை அறைகூவினார். மக்களைக் கேளாமல் காலத்தை நீட்டியவர்கள் பொறுப்புள்ளோர். மக்களைக் கேட்பதற்காகக் காலத்தைக் குறைத்துக்கொண்டவர் பொறுப்பற்றவர்! நல்ல நியாயம்!

ஏன் கேட்க வேண்டியிருந்தது? 1970 யூலையில் கொழும்பு நவரங்கஹலவில் அரசியல் நிர்ணய சபை கூடியபோது தமிழரசுக் கட்சி அதைப் பகிஷ்கரிக்கவில்லை. உள்ளே சென்றது. சமஷ்டி ஆட்சியை வேண்டியது. அது மறுக்கப்பட்ட பின்னும் உடனே எழுந்து வரவில்லை. மொழி பற்றிய தீர்மானத்திலாவது திருத்தம் கிடைக்குமா என்று வாதாடியது. ஒரு திருத்தமும் ஏற்கப்படாத நிலையில் 1971 யூனில் அச்சபையை விட்டு வெளியேறியது. 1957இல் பண்டாரநாயக்காவோடு செய்த உடன்படிக்கை அடுத்த ஆண்டே கிழிக்கப்பட்டதையும், 1965இல் டட்லி சேனநாயக்காவோடு செய்த உடன்படிக்கை நிறைவேறாது போனதையும் கண்ட கட்சி அது. அத்தனைக்குப் பின்னும் பேச்சுவார்த்தை மேசைக்குப் போனவர்களை அவசரக்காரர் என்பது சொல்லின் பொருளறியாதார் கூற்று.

வந்த யாப்போ இலங்கையை ஒற்றையாட்சி நாடு என்றது. பௌத்த மதத்துக்கு முதன்மை இடம் என்றது. அதுகாறும் வெறுஞ் சட்டமாயிருந்த சிங்களம் மட்டும் என்பதை யாப்பின் அடித்தளத்திலேயே பதித்தது. இவற்றிற்கு மேலாக, சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு அடியோடு மறைந்தது. ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் நன்மை தரும் சட்டமும், அவ்வாறே இடர் தரும் சட்டமும் பாராளுமன்றம் இயற்றலாகாது என்பதே அப்பிரிவின் சாரம். அது 1948இல் மலைநாட்டுத் தமிழரின் குடியுரிமையைக் காக்கவில்லையே என்று கேட்கலாம். மெய்தான். பூட்டு இருந்தும் வீடு கொள்ளை போயிற்று. அதற்காகப் பூட்டையே கழற்றிக் குளத்தில் எறிய வேண்டுமென்பது யார் கண்ட பரிகாரம்?

அன்றியும் அப்பூட்டு முற்றும் துருப்பிடித்தும் போகவில்லை. கோடீஸ்வரன் வழக்கை நம் உத்தியோகத்தர் மறந்திரார். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியடையாத காரணத்தால் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட ஓர் அரசாங்க எழுதுவினைஞர், அந்த 29ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் ஏறினார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசகரும மொழிச் சட்டமே செல்லாது என்றது. உயர் நீதிமன்றம் 1967இல், அரச ஊழியன் சம்பளத்துக்கு முடிக்குரிய அரசின்மேல் வழக்கிட முடியாதென்று கூறி அத்தீர்ப்பைத் தள்ளியது. மொழிச் சட்டத்தின் கதியை அது தொடவில்லை. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம், வழக்கிடலாம் என்று சொல்லி, சட்டம் செல்லுமோ செல்லாதோ என்னும் மூல வினாவை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அவ்வினாவுக்கு விடை கிடைக்கவே இல்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழி அடைக்கப்பட்டது. 1972இல் 29ஆம் பிரிவே இல்லாதொழிந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கையில் சாட்சிக் கூண்டையும் சட்டப் புத்தகத்தையும் ஒருங்கே அப்புறப்படுத்திய விந்தை இது. சிவில் வழக்குகளிற் பேர்பெற்ற இராணி அப்புக்காத்தாகிய செல்வநாயகத்துக்கு இதன் பொருள் விளங்காதிருக்குமா? இனி நீதிமன்றத்தில் நியாயம் கேட்க இடமில்லை. சபையிலோ மூன்றிலிரண்டின் முன் பதின்மூன்று பேர் கொண்ட கட்சியின் குரல் எடுபடாது. எஞ்சியிருந்தது வாக்குச் சாவடி ஒன்றே.

அரசாங்கமோ 1970இலேயே மக்கள் ஆணை கிடைத்துவிட்டது என்றது. வடக்கிலே தெரிவான தமிழ் உறுப்பினர் சிலர் தம் பக்கம் சாய்ந்திருப்பதையும் காட்டி, தமிழரும் இதை ஏற்றுவிட்டனர் என்று உலகறியச் சொல்ல முற்பட்டது. ஓர் ஆசனத்தில் அமர்ந்தபடி "அல்ல, அல்ல" என்று கூவுவதால் இக்கூற்று பொய்யாகுமா? ஹன்சார்ட் ஏடுகளிலே அது அச்சாகும், அவ்வளவே. ஆணை உண்டென்பவனுக்கு விடை, ஆணை இட்டவனைக் கூட்டி வந்து நிறுத்துவதாகும்.

அதனை அவர் நிச்சய வெற்றியென்று எண்ணிச் செய்தாரென்பார் கணக்கைப் புரட்டிப் பார்க்கட்டும். 1952இல் அதே காங்கேசன்துறை அவரைத் தோற்கடித்து, ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனை அனுப்பியது. 1970இல் அவருக்குக் கிடைத்த வாக்குகள் 13,520. எதிர்த்து நின்றோர் பெற்றவற்றைக் கூட்டினால் அவர் பெற்றது பாதிக்குச் சற்றுக் குறைவே. இத்தகைய ஆசனத்தைப் பணயம் வைத்தலைச் சூதாட்டம் என்று வேண்டுமானால் திட்டுங்கள், ஓட்டம் என்று சொல்லாதீர்கள். ஓடுகிறவன் தேர்தலை நோக்கி ஓடுவதில்லை.

இனி, குற்றச்சாட்டுகளுள் கனமான ஒன்றுக்கு வருவோம். காங்கேசன்துறை மக்களுக்கு இரண்டாண்டுக்கு மேல் பிரதிநிதி இல்லாமற் போயிற்று என்பது அது. மறுக்கமாட்டோம். 1972 ஒக்டோபரில் வெறுமையான ஆசனம் 1975 பெப்ரவரி 6ஆந் திகதியே நிரப்பப்பட்டது. இருபத்தெட்டு மாதம்! அத்தனை காலமும் மாவிட்டபுரத்தானுக்கும் தெல்லிப்பழையானுக்கும் சபையில் வாயில்லை. ஆனால் அந்த வாயை அடைத்த கை யாருடையது? உறுப்பினர் விலகினால் உபதேர்தல் வைப்பது அரசின் கடன். அதை அவர் வேண்டியே விலகினார்; நாள்தோறும் வேண்டி நின்றார். நாள் குறியாதவர்களை விட்டுவிட்டு, நாள் கேட்டவரைக் கூண்டிலேற்றுவது என்ன முறை?

அவசரகால நிலையைச் சாக்குக் காட்டுவோர் உண்டு. 1971 மார்ச்சில் வந்த அவசரகால நிலை 1977 வரை நீடித்தது. அந்நிலையின் கீழேயே 1972இல் நுவரெலியாவில் உபதேர்தல் நடந்தது. 1973 ஏப்பிரிலில் டட்லி சேனநாயக்க காலமானார். அவரது தெடிகமத் தொகுதிக்கு அவ்வாண்டே உபதேர்தல் நடந்து, ருக்மன் சேனநாயக்க தெரிவானார். காங்கேசன்துறையில் இறுதியில் வாக்கெடுப்பு நடந்த நாளிலும் அதே அவசரகால நிலை இருந்தது. நுவரெலியாவிலும் தெடிகமத்திலும் வாக்குப் பெட்டி வைக்கத் தடையாகாத சட்டம், பனங்காட்டு நிலத்தில் மட்டும் தடையான மாயம் என்ன? இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1970இல் மக்கள் கொடுத்த ஐந்தாண்டு 1975 நடுப்பகுதியில் முடியவேண்டியது. பெப்ரவரியில் உபதேர்தல் வைத்தபோது அந்தத் தவணையில் எஞ்சியிருந்தவை மூன்று நான்கு மாதங்களே. அதாவது, பொதுத் தேர்தலே வந்திருக்க வேண்டிய காலத்தில் உபதேர்தல் வந்தது!

அந்த உபதேர்தலின் களத்தைச் சற்றே நின்று நோக்க வேண்டும்; ஏனெனில் செல்வநாயகம் தம் மக்களை எவ்வளவு நம்பினார் என்பது அங்கேதான் விளங்கும். அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைத் தடுத்திருந்தது. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டக்காரனுக்கு அது பொற்காலம். கடனில் மூழ்கிக் கிடந்தவன் கல்வீடு கட்டினான். நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினான். உழைப்பின் பயனைக் கண்ணாற் கண்ட கமக்காரன், அந்தப் பயனுக்கு வழி செய்த அரசாங்கத்தின் பக்கமே வாக்கிடுவான் என்று கொழும்பிலே பலர் கணக்குப் போட்டனர். எதிர்த்து நின்றவரும் சாமானியரல்லர். பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த வி. பொன்னம்பலம் தொகுதியில் வேரூன்றியவர். ஏழை எளியவரிடத்து மதிப்புப் பெற்றவர். மற்றொரு புறத்தில், 1970க்குப் பின் புகுத்தப்பட்ட தரப்படுத்தலினால் பல்கலைக்கழக வாயில் அடைபட்ட பிள்ளைகள் அதே தோட்டக்காரரின் வீடுகளிலேதான் இருந்தனர். பையிலே பணமும் மனத்திலே புண்ணும் ஒருங்கே கொண்டு அம்மக்கள் வாக்குச் சாவடிக்குப் போயினர்.

செல்வநாயகம் 25,927 வாக்குகள் பெற்றார், பொன்னம்பலம் 9,457. வித்தியாசம் 16,470. 1970இல் பாதி வாக்கும் முழுதாகப் பெறாதவர், ஆசனத்தைத் துறந்து, இருபத்தெட்டு மாதம் வெளியே நின்று திரும்பியபோது ஏறத்தாழ இருமடங்கு வாக்கோடு திரும்பினார். கைவிடப்பட்ட மக்கள் தம்மைக் கைவிட்டவனை இப்படியா வரவேற்பர்? கைவிடப்பட்டோம் என்று காங்கேசன்துறையான் சொல்லவில்லை. அத்தொகுதியில் ஒரு நாளும் வாக்கிட்டிராதவர்களே அவன் பெயரால் இன்று அழுகின்றனர்.

"அந்த யாப்புக்குச் சத்தியப் பிரமாணம் செய்து பேரவையில் அமர்ந்த பின்தானே விலகினார்? அதை முதலிலேயே செய்திருக்கலாமே?" என்றொரு கேள்வி. அக்காலத்து இளைஞரும் இதையே சினந்து கேட்டனர். நமது கருத்து இது: சபைக்கு வெளியே நின்று ஆசனத்தை இழப்பது ஒன்று, ஆசனத்தை உறுதியாகத் தன் கையிற் கொண்டு, அரசுக்குத் தமிழர் கூட்டணியின் கோரிக்கைகளை எழுதியனுப்பி, செப்டெம்பர் முடிவு வரை தவணையும் கொடுத்து, விடை வராத பின் அதைத் துறப்பது வேறொன்று. முன்னையதில் அரசு ஆசனத்தைப் பறித்ததாகும். பின்னையதில் அவர் கொடுத்ததாகும்.

"அவர் ஒருவர் மட்டும் ஏன்? கட்சியார் எல்லோரும் விலகியிருக்கலாமே?" என்பது மற்றொன்று. விலகியிருந்தால் வடகிழக்கு முழுவதும் இருபத்தெட்டு மாதம் வாயற்றுக் கிடந்திருக்கும். ஒரு தொகுதிக்கே நாள் குறியாதவர் பத்துத் தொகுதிக்கு நாள் குறிப்பரோ? தலைவன் தன் ஆசனத்தைப் பணயமாக்கினான், தொண்டர் ஆசனங்களையல்ல.

நம்மிடையே இதற்கு முன்மாதிரி இல்லாமலுமில்லை. 1948இல் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமை மசோதாவின் போது செ. சுந்தரலிங்கம் அமைச்சர் பதவியை உதறினார். 1968இல் திருகோணமலைக் கோணேசர் கோயிற் சூழலைப் புனித நகராக்குவது குறித்து ஆராயத் தாம் நியமித்த குழுவைப் பிரதமர் கலைத்தபோது, மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சைத் துறந்தார். அவை இரண்டும் மானமுள்ள செயல்கள். ஆயினும் அமைச்சைத் துறப்பவன் தன் மறுப்பை மட்டுமே தெரிவிக்கிறான். வாக்காளன் கொடுத்த ஆசனத்தைத் திருப்பிக் கொடுப்பவனோ தீர்ப்பையும் அவ்வாக்காளனிடமே கேட்கிறான். பின்னையதில் தோல்விக்கும் இடமுண்டு.

இனிக் குருதிப் பழி. 1975 வெற்றியைச் செல்வநாயகம் தமிழரின் விடுதலைக்குக் கிடைத்த ஆணையாக அறிவித்தார். 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. பின்னர் போர் வந்தது. ஆகவே இராஜினாமாவே போருக்கு வித்து என்று கோத்துக் காட்டுகின்றனர். யாப்பைப் பற்றிக் கேட்டு, வேறொன்றுக்கு விடை கொண்டார் என்று சொல்ல விரும்புவோர் சொல்லட்டும். அதை வாதிக்க இடமுண்டு. ஆனால் அது வெற்றியின் பொருளைப் பற்றிய வழக்கு, இராஜினாமாவைப் பற்றிய வழக்கன்று. அந்த இருபத்தெட்டு மாதங்களில் வடக்கிலே நடந்தவை யாவை? இளைஞர் பலர் அவசரகால விதிகளின் கீழ் விசாரணையின்றி அடைபட்டுக் கிடந்தனர். 1974 சனவரி 10ஆந் திகதி, நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில், யாழ்ப்பாணத்திலே பொலிசார் கூட்டத்தின்மேற் பாய, உயிர்கள் போயின. அந்த நாட்களிலெல்லாம் எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு நோயாளி, வாக்குப் பெட்டியைக் கொண்டு வாருங்கள் என்று கேட்டு நின்றார். வாக்குப் பெட்டி வரவில்லை. அதைக் கண்டுகொண்டிருந்த இருபது வயதினன் கற்ற பாடம் யாது? அப்பாடத்தைக் கற்பித்தவர் பெட்டியைக் கேட்ட கிழவரா, பெட்டியைப் பூட்டி வைத்த அமைச்சரவையா?

கடைசியாக, இந்தப் பழியைச் சுமத்துவோர் ஒருவரும் வாய் திறவாத ஒரு சங்கதி உண்டு. அதே தவணை நீட்டிப்பைக் கண்டித்து, ஐந்தாண்டு நிறைவெய்திய வேளையில், 1975இல் ஜே. ஆர். ஜயவர்த்தனவும் தமது கொழும்பு தெற்கு ஆசனத்தை இராஜினாமாச் செய்தார். அவரை எவரும் ஓடிப்போனவர் என்று எழுதவில்லை.  அவருக்கு அவ்வாண்டு யூலையிலேயே உபதேர்தல் கிடைத்தது, வென்று திரும்பினார். அதே மனிதர் ஆட்சிக்கு வந்த பின், 1982 டிசெம்பரில் பொதுத் தேர்தலை ஒதுக்கிவிட்டு ஒரு சர்வசன வாக்கெடுப்பினால் பாராளுமன்றத்தின் ஆயுளை 1989 வரை நீட்டினார். அடுத்த ஆண்டு ஆறாம் திருத்தத்தின் சத்தியத்தைச் செய்ய மறுத்த தமிழ் உறுப்பினர் ஆசனங்களை இழந்தனர்.

செல்வநாயகத்தைக் குற்றக் கூண்டில் ஏற்ற விழைவோர், கொழும்பு தெற்குக்கு அவ்வாண்டே கிடைத்த உபதேர்தல் காங்கேசன்துறைக்கு ஏன் இருபத்தெட்டு மாதம் கிடைக்கவில்லை என்பதற்கு முதலில் விடை எழுதட்டும். அவ்விடையை இப்பத்தியிலேயே அச்சிட ஆயத்தமாக இருக்கிறோம்.